கச்சேரி நடுவே நிறுத்துவது குறையாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில் சென்ற வாரம் வெளியான கச்சேரி விமர்சனம் ஒன்றைக் குறித்து இதை எழுதுகிறேன். நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் போனபோது பாடகர் பாட்டை நிறுத்தியதையும், விளக்கு வந்த பிறகு கொஞ்சம் பின்னால் போய் மறுபடி எடுத்ததையும் குறிப்பிட்டிருந்த விமர்சகர், இத்தனை ஆண்டு மேடை அனுபவம் உள்ளவர் இப்படித் தடுமாறியிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தார். அதே பகுதியில் சில வாரங்களுக்கு முன், முன்வரிசையில் கைபேசி மூன்று முறை அடித்தும் திரும்பிப் பார்க்காமல் பாடி முடித்த வேறொருவர் அதற்காகவே பாராட்டப்பட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, நிறுத்தினால் குறை, நிறுத்தாவிட்டால் பெருமை என்ற அளவுகோல் ஒன்று விமர்சனத்துக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாக வயலின் பக்கவாத்தியம் வாசித்து வருபவன் என்ற முறையில் அந்த அளவுகோல் தவறு என்று நினைக்கிறேன். விமர்சனத்துக்கு உள்ளான அந்தக் கச்சேரியில் நான் மேடையில் இல்லை. ஆறாவது வரிசையில் ரசிகனாக உட்கார்ந்திருந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறுத்தாதே என்பது இசை கற்கும் எவருக்கும் தொடக்கத்திலேயே சொல்லப்படும் பாடம். விரல் தவறினாலும் சொல் மறந்தாலும் தாளம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்; ஓடும் வண்டியில் ஏறுவதைப் போல அடுத்த இடத்தில் போய்த் தொற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நம் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கேட்பவர் கவனிப்பதே இல்லை. அதைத் திருத்தப் போகும்போதுதான் ஊரறிய அறிவிக்கிறோம். வீட்டில் பயிற்சி செய்யும்போது பிழை விழுந்த இடத்திலெல்லாம் நின்று, அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் திரும்ப வாசித்துப் பழகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கை ஸ்வரத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன் நிற்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு மேடையிலும் அதே இடத்தில் கை நிற்கும். ஆகவே அந்தப் பாடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது உள்ளேயிருந்து வரும் பிழைக்காகச் சொல்லப்பட்டது. கூரைக்கு மேலிருந்தும் சுவருக்கு அப்பாலிருந்தும் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்தும் வரும் தடங்கலுக்கும் அதையே நீட்டிக் கொண்டுபோவதில்தான் கோளாறு.

வெளித் தடங்கல் வரும்போது கலைஞர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அரங்கின் கவனம் இன்னும் என்னிடம் இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு இருமலுக்கும், நாற்காலி கிறீச்சிடும் ஒலிக்கும், வெளியே போகும் வண்டியின் ஹாரனுக்கும் கவனம் போவதில்லை. ஒரு கணம் அசைந்துவிட்டுத் திரும்பிவிடும். குழந்தை அழுதாலும் அப்படித்தான். அழும் குழந்தையின் தாய் அதற்குள் எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருப்பார். அந்த நேரத்தில் மேடையிலிருந்து ஒரு பார்வை போனால் அவரும் கூசிப்போவார், பார்வை போன திசையில் ஐந்நூறு தலைகளும் திரும்பும். இங்கெல்லாம் தொடர்வதே சரி, அதுவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல். பக்கவாத்தியக்காரர்களான நாங்கள் இந்த இடத்தில் அடிக்கடி தவறுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாராவது தும்மினால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். தும்மலைக் கவனிக்காதவர்கள்கூட எங்கள் சிரிப்பைக் கவனித்துவிடுகிறார்கள்.

கவனம் போய்விட்ட பிறகு நிலைமை வேறு. 2012 ஜனவரி 10 அன்று நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தது. அந்த இசை இழை இழையாக மெலிந்து, மௌனத்தோடு கலந்து முடியும் இடம் அது. முன்வரிசையிலிருந்து ஒரு கைபேசி அடிக்கத் தொடங்கி, நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. குழுவை நடத்திய ஆலன் கில்பர்ட் வாத்தியங்களை நிறுத்தினார். திரும்பி நின்று, சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார். வழக்கமாக இப்படிப்பட்டவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்லது, அதைப் பற்றிப் பேசுவது சில சமயம் தடங்கலைவிட மோசமாகிவிடும், ஆனால் இதை விட முடியவில்லை என்ற பொருளில் அவையினரிடம் ஓரிரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். அதைக் கோபக்காரரின் செயலாகச் சிலர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தொடர்வதே விதி என்பதை அவர் அறிந்திருந்தார், விதியை மீறுகிறேன் என்று சொல்லிவிட்டே மீறினார். அந்த இடத்தில் தொடர்ந்திருந்தால் வாத்தியங்கள் வாசித்து முடித்திருக்கும், ஆனால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அந்தக் கைபேசியின் சொந்தக்காரரைப் பற்றிப் பின்னர் வந்த செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. அவருக்கு அந்தக் கருவி முந்தைய நாள்தான் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. ஒலி எழாதபடி பொத்தானை மாற்றிவிட்டே உட்கார்ந்திருக்கிறார். அடித்தது அழைப்பு மணி அல்ல, கடிகார அலாரம். அந்தக் கருவியில் அழைப்பு மணியை அடக்கினாலும் அலாரம் அடங்காது. அது தன் பையிலிருந்துதான் வருகிறது என்பது அவருக்கு நெடுநேரம் புரியவே இல்லை. கைபேசியை மௌனமாக்குங்கள் என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் சடங்குபோல அறிவிக்கிறோம். முழுவதுமாக அணைத்துவிடுங்கள் என்று அறிவிப்பதே பொருத்தம். ஒரு சொல் மாற்றம்தான்.

ஆத்திரப்படுவது வேறு விஷயம். 2013இல் ஜெர்மனியின் எசன் நகரில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் ஸிமர்மன், மாடத்திலிருந்து ஒருவர் கைபேசியில் படம்பிடிப்பதைப் பார்த்து நிறுத்தச் சொன்னார், பின்னர் மேடையைவிட்டே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது, இணையத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இத்தகைய பதிவுகளால் தாம் இழந்த ஒலிப்பதிவு வாய்ப்புகளைப் பற்றிச் சொன்னார். அவருடைய குறையில் நியாயம் உண்டு; கலைஞனின் உழைப்பை அனுமதி இல்லாமல் எடுத்துக்கொள்வது திருட்டுத்தான். ஆனால் படம்பிடித்தவர் ஒருவர், அன்று மேடை காலியானதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் மாடத்தின் வாசலில் நிற்கும் ஊழியர். அவர் செய்யாததைப் பியானோவின் முன் உட்கார்ந்திருப்பவர் செய்ய நேர்ந்ததே அந்த மாலையின் தோல்வி.

நகைச்சுவையால் சமாளிப்பவர்களும் உண்டு. ஸ்லோவாக்கியாவில் ஒரு யூதர் வழிபாட்டுக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்த வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) கலைஞர் லூகாஷ் க்மித், நோக்கியாவின் அழைப்பு மணி கேட்டதும் நிறுத்திவிட்டு, அந்த மெட்டையே எடுத்துச் சில நொடி கற்பனையாக வாசித்துக் காட்டினார். அந்தக் காட்சி இணையம் வழியாக உலகம் முழுவதும் பரவியது. அந்த மெட்டே பிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பானிய கிட்டார் மேதை 1902இல் இயற்றிய வால்ஸ் இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, தொலைந்த மாடு தொழுவத்துக்கே திரும்பி வந்ததைப் போல இருக்கிறது. ஆனால் இந்த உத்தி ஒரு தடவைக்குத்தான். இப்போது கைபேசி அடித்தால் அதே சுருதியில் பதில் சொல்வதற்கென்றே காத்திருக்கும் கலைஞர்களைப் பார்க்கிறேன். கைதட்டல் கிடைக்கிறது, பாடிக்கொண்டிருந்த ராகம் காணாமல் போகிறது.

கைபேசியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயமாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கச்சேரியில், சுருதிப்பெட்டி பழுதானதால் கடைசி நிமிடத்தில் என் கைபேசியிலுள்ள தம்பூரா செயலியைப் போட்டு, அதற்கு முன்னால் மைக்கையும் வைத்தோம். நிகழ்ச்சி தொடங்கும் முன் அறிவிப்பாளர் வழக்கம்போல எல்லோரையும் கைபேசியை மௌனமாக்கச் சொன்னார். பிரதான ராகத்தின் ஆலாபனையில், அதாவது தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் பகுதியில், பாடகி மேல் ஸட்ஜத்தை (மேல் ஸ-வை) தொட்டு நின்ற கணத்தில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தம்பூரா நின்றது, அதன் இடத்தில் என் அழைப்பு மணி, மைக் வழியாக, அரங்கின் எல்லா ஸ்பீக்கர்களிலும் முழங்கியது. வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை அணைக்க எனக்கு ஏழெட்டு நொடி ஆகியிருக்கும். பாடகி அந்த ஏழெட்டு நொடியும் ஸட்ஜத்தை விடவே இல்லை. நான் அழைப்பை வெட்டியதும், தம்பூராவைத் தேடாமல், வயலினின் திறந்த தந்திகளில் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் (ப-வையும்) சேர்த்து நீளமாக இழுத்தேன். அதன்மேல் அவர் மெதுவாக இறங்கி வந்து ஆலாபனையைத் தொடர்ந்தார். அன்று அவர் தொடர்ந்ததுதான் சரி, ஏனென்றால் அவர் நின்ற ஸ்வரத்திலேயே அரங்கமும் அவரோடு மூச்சைப் பிடித்து நின்றிருந்தது. கச்சேரி முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "யார் சார் கூப்பிட்டது, ஏதாவது அவசரமா?" அந்தக் கேள்விக்கு முன் நான் கூசியதைப்போல வேறு எந்தத் திட்டுக்கும் கூசியதில்லை. அன்றிலிருந்து சுருதிக்கென்று சிம் அட்டை இல்லாத பழைய கருவி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நிறுத்துவது என்று முடிவாகிவிட்டால், எங்கே நிறுத்துவது என்பதில்தான் பயிற்சி தெரியும். தாளக்கட்டுக்குள் இருக்கும்போது ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) முடித்து, அடுத்த சுற்று தொடங்கும் இடமான சமத்தில் இறங்க வேண்டும். மிருதங்கக்காரர் சின்னதாக ஒரு தீர்மானம், அதாவது முடிவைக் காட்டும் சொற்கட்டு, வைத்துத் தந்தால் அது நின்றதுபோல இராது, நிறுத்தப்பட்டது என்பது எல்லோருக்கும் விளங்கும். ஆலாபனையில் இருந்தால் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ, அல்லது அந்த ராகம் உட்கார இடம் தரும் வேறொரு ஸ்வரத்திலோ நீளமாக நின்று (கார்வை கொடுத்து) விட வேண்டும். மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் தவறு. விட்ட இடம் எது என்பது கலைஞருக்கு நினைவிருக்கும், கேட்பவருக்கு இருக்காது. அவருக்கு ராகத்தின் சூடு ஆறிப்போயிருக்கும். ஒரு வரியாவது பின்னால் போய், முடிந்தால் பல்லவியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தால், இடையில் நின்றுபோன நேரத்தைத் தாண்டிக் கேட்பவரையும் கூட்டிக்கொண்டு வரலாம். இதைத் தடுமாற்றம் என்று எழுதுவது, பின்னால் இரண்டு அடி வைத்து ஓடிவந்து தாண்டுகிறவரைப் பின்வாங்கினார் என்று எழுதுவதற்குச் சமம். இதையெல்லாம் ஒத்திகையில் எத்தனை பேர் பேசிக்கொள்கிறோம்? நான் வாசித்த கச்சேரிகளில், மின்சாரம் போனால் யார் யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொண்டவை கைவிரலுக்குள் அடங்கும்.

முன்கூட்டிச் செய்த ஏற்பாட்டைத் தனிமனித வீரமாக நினைத்துவிடுவதும் நம் வழக்கம். 1986 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் டாங்கிள்வுட் விழாவில், 14 வயது மிடோரி, பாஸ்டன் சிம்பொனி குழுவோடு லியனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த, அவருடைய படைப்பையே வாசித்துக்கொண்டிருந்தபோது வயலினின் ஈ தந்தி அறுந்தது. பக்கத்திலிருந்த முதன்மை வயலின் கலைஞரின் வாத்தியத்தை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். அது அவர் பழகிய வயலினைவிடப் பெரியது. அதிலும் அதே தந்தி அறுந்தது. துணை முதன்மைக் கலைஞரின் வயலினை வாங்கி முடித்தார். அந்தச் சிறுமியின் துணிச்சலைச் சொல்லாத இசை வகுப்பு இல்லை, சொல்ல வேண்டியதும்தான். ஆனால் தனி வாசிப்பாளரின் தந்தி அறுந்தால் முதன்மைக் கலைஞர் தன் வாத்தியத்தைத் தர வேண்டும், அறுந்ததைப் பின்னால் இருப்பவர்கள் கைமாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குழுக்களில் நெடுங்கால ஏற்பாடு. வயலின் இரண்டு முறை கைமாறியபோது யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவைப்படவில்லை. நம் மேடைகளில் எனக்குத் தந்தி அறுந்தால், நானே மாற்று வயலினைக் கொண்டுவந்திருந்தால் உண்டு. புதுத் தந்தியை ஏற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஏற்றிய தந்தி நெகிழ்ந்துகொண்டே இருக்கும், அடுத்த கால் மணி நேரம் பாட்டுக்கு ஒரு காதும் தந்திக்கு ஒரு காதுமாகத்தான் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் மிருதங்கக்காரரிடம் கண் காட்டினால் தனி ஆவர்த்தனத்தை, அதாவது மிருதங்கத்தின் தனி வாசிப்பை, முன்னுக்குக் கொண்டுவந்து காப்பாற்றுவார். அப்படி என்னைக் காப்பாற்றியவர்கள் இருவர் உண்டு.

சொல் மறப்பது உள்ளிருந்து வருவது என்றாலும், அதிலும் ஒரே விடை இல்லை. 1960 பிப்ரவரியில் பெர்லினில் பாடிய அமெரிக்க ஜாஸ் பாடகி ‘எல்லா’ பிட்ஸ்ஜெரால்ட், பாட்டின் நடுவே வரிகள் மறந்துபோய், மறந்துவிட்டேன் என்பதையே மெட்டில் வைத்துப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. 2016 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில், பாப் டிலனுக்கு இலக்கியப் பரிசு வழங்கப்பட்ட நோபல் விழாவில் டிலனின் பாட்டைப் பாடிய பாடகி பேட்டி ஸ்மித், வரி மறந்ததும் நிறுத்தினார். மன்னியுங்கள், பதற்றமாக இருக்கிறது என்று சொல்லி, மறுபடி தொடங்க அனுமதி கேட்டார். அரங்கம் கைதட்டியது, அவர் பாடி முடித்தார். முதலாமவர் பாடியது சொற்களோடு விளையாட இடம் தரும் ஜாஸ். இரண்டாமவர் பாடியது சொல்லுக்காகவே கேட்கப்படும் பாட்டு, அதுவும் அந்தச் சொல்லுக்காகப் பரிசு வழங்கும் மேடையில். ஒருவர் தொடர்ந்ததும் ஒருவர் நிறுத்தியதும் அந்தந்தப் பாட்டு கேட்டபடிதான் நடந்தது என்பது என் கருத்து.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. 1960 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபராவில் பாடகர் லெனார்ட் வாரன் மேடையிலேயே சரிந்து விழுந்தபோது நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, அவர் பிழைக்கவில்லை. ஆனால் கலைஞர்கள் தங்கள் உடம்பைக் கண்டுகொள்ளாமல் தொடர்வதை நாம் கொண்டாடும் அளவு எனக்கு ஒப்பவில்லை. 2009இல் லண்டன் ராயல் ஆபரா மேடையில் காலெலும்பு முறிந்த ஜாய்ஸ் டிடோனாட்டோ, ஊன்றுகோலோடு அந்த மாலையைப் பாடி முடித்தார். மீதி நாட்களில் சக்கர நாற்காலியில் பாடினார். அவருடைய மன உறுதியை வணங்குகிறேன். ஆனால் காய்ச்சலோடு பாட வந்த இளம் பாடகர் ஒருவரிடம் இதையே முன்மாதிரியாகச் சொல்லும் அமைப்பாளரையும் பார்த்திருக்கிறேன். அவரை வணங்க மனம் வரவில்லை.

தீ, புகை போன்ற ஆபத்தில் கூட்டத்தை வெளியேற்ற வேண்டிய நேரத்தில், மேடையிலிருக்கும் இசைக்கலைஞருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு பலம் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1911 மே 9 அன்று எடின்பரோ எம்பயர் அரங்கில், லஃபயெட் என்ற மாயவித்தைக்காரரின் நிகழ்ச்சியில் மேடையில் தீப்பற்றியது. தீ வித்தையின் ஒரு பகுதியோ என்று மக்கள் முதலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியக் குழு நாட்டுப்பண்ணை வாசித்தது. நிகழ்ச்சி முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம் என்பதால் எல்லோரும் எழுந்து வெளியேறினார்கள். மேடைக்குப் பின்னால் லஃபயெட் உட்பட 11 பேர் இறந்தார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்த சுமார் 3,000 பேரும் தப்பினார்கள். யாராவது 'தீ' என்று கத்தியிருந்தால் வாசலில் மிதிபட்டே பலர் இறந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் அரங்குகளில் அப்படி ஒரு நிலை வந்தால் மைக் கையில் இருப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கலைஞர்களிடம் ஒருவரும் சொல்லிவைப்பதில்லை. வாசல்கள் எந்தப் பக்கம் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாங்கள் பின்கதவு வழியாக வந்து பின்கதவு வழியாகப் போகிறவர்கள்.

ஒலியமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கச்சேரித் தடங்கல்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது, மருந்தும் பெரும்பாலும் எளிது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் நுழைந்து சுழல்வதால்தான் கூவல் எழுகிறது. உடனே பாடகர் பதறி மைக்கின் தலையைக் கையால் பொத்துகிறார். கூவல் அடங்காது, ஏறும். பின்பக்க ஒலியைத் தள்ளிவிடுவதற்கென்றே மைக்கில் வைக்கப்பட்ட திறப்புகளைக் கை அடைத்துவிடுவதால், அது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கிவிடுகிறது. கையை எடுத்துவிட்டு, மைக்கை ஸ்பீக்கரைப் பார்க்காதபடி திருப்பினால் போதும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் இன்றைய டிஜிட்டல் மிக்சர் கணினியைப் போல மறுபடி உயிர்பெற வேண்டும். அரங்கில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அதுவரை மேடையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது. அந்த ஒரு கருவிக்கு மட்டும், மின்சாரம் போனாலும் அதை ஓட வைக்கும் சிறிய யுபிஎஸ் வைத்தால் இந்தத் தடங்கல் இல்லாமலே போகும். பூங்கொத்துக்கும் பின்திரைக்கும் செலவிடும் அமைப்பாளர்கள் இதற்கு ஏன் கை சுருக்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இதோடு, தடங்கல் நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் மேடையின் பக்கவாட்டில், கலைஞரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். 'இரண்டு நிமிடம்' என்று விரல் காட்ட அங்கே ஆள் இருந்தால், காத்திருப்பதா தொடர்வதா என்று பாடகர் இருட்டில் ஊகிக்க வேண்டியிராது.

இனி, விமர்சனத்துக்கு உள்ளான கச்சேரிக்கு வருகிறேன். மின்சாரம் போனபோது பாடகர் சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், சரணம் பாடிக்கொண்டிருந்தார். உடனே அவர் நிறுத்தவில்லை. இருட்டில், மைக் இல்லாமல், வரியின் பொருள் முடியும் வரை இரண்டு ஆவர்த்தனம் பாடிச் சமத்தில் இறங்கினார். மிருதங்கத்தில் தீர்மானம் விழுந்தது. பிறகு, "கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?" என்று இயல்பான குரலில் கேட்டார். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து பலர் சொன்னார்கள். தொடர்ந்திருந்தால் எங்களைப் போல முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் பாடியிருப்பார்; கைதட்டலும் வாங்கியிருப்பார், ஏனென்றால் இருட்டில் மைக் இல்லாமல் பாடுவது பார்ப்பதற்குப் பெரிய சாகசமாக இருக்கும். அவர் அதை வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு வந்ததும் வயலினைச் சுருதி பார்க்க அவகாசம் கொடுத்தார், அனுபல்லவியின் கடைசி வரியை ஒருமுறை பாடிச் சரணத்துக்குள் நுழைந்தார். விமர்சகர் தடுமாற்றம் என்று எழுதியது அந்த அனுபல்லவி வரியைத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் அந்த வரி எடுத்ததும் விட்ட தாளத்தை மறுபடி தொடையில் போடத் தொடங்கினார். அவர் எதுவரை கேட்டிருந்தாரோ அங்கே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வரி.

தங்கள் விமர்சகர்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. தடங்கல் வந்த கச்சேரியைப் பற்றி எழுதும்போது, கலைஞர் நிறுத்தினாரா இல்லையா என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கிருந்து எடுத்தார், இடைப்பட்ட நேரத்தில் அமைப்பாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதட்டும். கடைசியாக ஒரு சிறு திருத்தம். கச்சேரி பத்து நிமிடம் தடைபட்டதாக விமர்சனத்தில் உள்ளது. மின்சாரம் போனபோது மணி ஏழு இருபத்திரண்டு, சரணம் மறுபடி எடுத்தபோது ஏழு இருபத்தாறு.

இப்படிக்கு,
வயலின் பக்கவாத்தியக் கலைஞர் ஒருவர்